கிருமியின் கையில் இரும்பு: தலசீமியா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு மாட்டுங்காவில். தாராவி, சயான், செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறு) உள்ள பிள்ளைகள் ரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் நாட்களில், அவர்களோடு உட்கார்ந்து பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என் அக்கா மகனும் அப்படி ஒரு வார்டில் வளர்ந்த பிள்ளைதான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை என்னிடம் "டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் இரும்பு, அதைப் பிடிக்கும் மருந்து, அந்த மருந்தைத் தந்த கிருமி என்றுதான் போய் நிற்கும். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்தின் அளவு, நேரம், நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. ஏன், எப்படி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இரும்புச்சத்து நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அது எப்படிச் செல்லைக் கெடுக்கும்?

நல்லதுதான். வளர்ந்த ஒருவர் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. பெரும்பகுதி ஹீமோகுளோபினில் இருந்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. மீதியில் ஒரு பங்கு செல்லுக்குள் எலக்ட்ரானைக் கைமாற்றும் வேலை செய்கிறது. எலக்ட்ரானை வாங்கிய இரும்பு ஃபெரஸ், கொடுத்துவிட்ட இரும்பு ஃபெரிக். இந்த இரண்டு பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

தொல்லையும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. செல்கள் சாதாரணமாக இயங்கும்போதே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. காயத்தில் ஊற்றினால் நுரை கிளம்புமே, அதே பொருள். அதை உடைத்துத் தண்ணீராக்க நொதிகள் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் கட்டுக்குள் இல்லாத ஃபெரஸ் இரும்பு இருந்துவிட்டால், அது தன் எலக்ட்ரானைப் பெராக்சைடுக்குக் கொடுத்துவிடும். பெராக்சைடு இரண்டாகப் பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கும். இரும்பையும் பெராக்சைடையும் சேர்த்தால் எவ்வளவு வேகமாக மற்ற பொருளைத் தாக்கும் என்று 1894-ல் ஃபென்டன் என்ற ஆங்கில வேதியியலாளர் எழுதினார். அவர் சோதித்தது டார்டாரிக் அமிலத்தில். நம் புளியின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்.

ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். டி.என்.ஏ. இருந்தால் இழை அறும். செல் சவ்வின் கொழுப்பு இருந்தால் ஒரு மூலக்கூறு கெட்டு, அது அடுத்ததைக் கெடுத்து, வரிசையாகப் போகும். பழைய கடலை எண்ணெயில் காறல் வாடை அடிக்கிறதே, அதுவும் இதே மாதிரித் தொடர்வினைதான். இரும்போ செலவாவதில்லை. இழந்த எலக்ட்ரானை வேறு எங்காவது வாங்கிக்கொண்டு மறுபடி வந்து நிற்கும். கொஞ்சம் இரும்பு நிறைய சேதம் செய்வது இதனால்தான்.

அதற்காகத்தான் உடம்பு இரும்பைச் சும்மா விடுவதே இல்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமக்கிறது. செல்லுக்குள் ஃபெரிட்டின் என்ற கூடு பூட்டி வைக்கிறது. ஒரே கூட்டில் சுமார் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடங்கும்.

இதில் கிருமி எங்கே வந்தது?

கடல் காற்று படுகிற ஜன்னல் கம்பியைப் பாருங்கள். இரண்டு மழைக்காலம் போனால் துரு உதிரும். துரு என்பது ஃபெரிக் இரும்பு, தண்ணீரில் கரையாது. மண்ணில் இரும்பு எவ்வளவு இருந்தாலும் கிருமியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் உடம்புக்குள் இன்னும் கஷ்டம், எல்லா இரும்பும் பூட்டில் இருக்கிறது.

எனவே பல கிருமிகள் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே அனுப்புகின்றன. அது இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பும், வாசலில் அதற்கென்று இருக்கும் ஏற்பி உள்ளே எடுத்துக்கொள்ளும். பெயர் சிடரோஃபோர், கிரேக்கத்தில் 'இரும்பு சுமப்பது' என்று பொருள். நான் இரும்புப் பிடிப்பான் என்றே சொல்கிறேன். ஈ.கோலை, சால்மொனெல்லா செய்யும் என்டெரோபாக்டினை 1970-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அது ஃபெரிக் இரும்பைப் பிடிக்கும் பலத்தை எண்ணில் எழுதினால் 1-க்குப் பின்னால் 49 சுழியம் போட வேண்டும். நம் டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பிடுங்கக்கூடிய பலம் அது.

கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1987-ல் ஷ்வின், நீலண்ட்ஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை. ஒரு சாயத்தோடு இரும்பைச் சேர்த்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஊற்றினால், தட்டு முழுக்கப் பேனா மை போன்ற நீலம். எங்கள் வீட்டு துளசித் தொட்டி மண்ணை ஒரு சிட்டிகை நீரில் கரைத்து அதில் தடவி வைத்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் சில புள்ளிகளைச் சுற்றி நீலம் கலைந்து, ஆரஞ்சு நிற வளையம். மூன்றாம் நாள் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு அகலமாகியிருந்தது. கிருமி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அது அனுப்பிய பிடிப்பான் அவ்வளவு தூரம் போய்ச் சாயத்திடமிருந்து இரும்பை உருவியிருக்கிறது. அக்கா மகன் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சித்தி, எனக்குள்ளேயும் இதைத்தானே பண்ணுது" என்றான். ஆமாம், அதையேதான்.

அப்படியானால் இந்தப் பிடிப்பான் நம் செல்லைக் காப்பாற்றுமா, கெடுக்குமா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காக. இரண்டும் நடக்கும். பிடிப்பது யார் என்று பார்த்தால் விடை கிடைக்காது, எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பு அணுவுக்குச் சுற்றிலும் ஆறு பக்கம் கை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ஃபெரியாக்சமின் என்ற பிடிப்பான் ஆறு கையையும் தானே பற்றிக்கொள்கிறது. பெராக்சைடு கிட்டே வந்தால் தொடுவதற்கு இடம் இல்லை. அதோடு, ஃபெரிக் இரும்பை அது அவ்வளவு இறுக்கமாக வைத்திருப்பதால், அந்த இரும்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸ் ஆக்குவது நம் செல்லில் இருக்கும் சாதாரணப் பொருள்களால் ஆகாது. ஃபெரஸ் இல்லையென்றால் ஃபென்டன் வினை ஓடாது. என்டெரோபாக்டினும் ஆறு கையையும் பிடிக்கும் ரகம்தான்.

இப்போது உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பார்களே, அதற்குள் இ.டி.டி.ஏ. இருக்கிறது. அங்கே அது கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது. அதே பொருள் இரும்பையும் பிடிக்கும், ஆனால் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும். பெராக்சைடு அந்த இடைவெளியில் நுழையும். இரும்பு எலக்ட்ரானை எளிதாக வாங்கிக் கொடுக்கும். ஆய்வகத்தில் ஹைட்ராக்சில் ரேடிக்கல் வேண்டும் என்றால் நாங்கள் வேண்டுமென்றே இரும்போடு இ.டி.டி.ஏ.வைச் சேர்ப்போம். 'பிடித்துவிட்டால் இரும்பு அடங்கிவிடும்' என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியாது.

கிருமிகளிலும் அரைகுறையாகப் பிடிப்பவை உண்டு. தீக்காய வார்டில் நீலப்பச்சையாகச் சீழ் வரவைக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா இரண்டு வகைப் பிடிப்பான் செய்கிறது. பயோவெர்டின் பலமானது. பயோகெலின் அதைவிடப் பலம் குறைந்தது, ஒரு மூலக்கூறுக்கு நாலு கைதான் எட்டும். இரும்பைச் சுமந்த பயோகெலின் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிறப்பிக்க உதவுகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1990-ல் காட்டினார்கள். அதே கிருமியின் நீல நிறமியான பயோசயனின் பெராக்சைடு உண்டாக வழி செய்கிறது. ஒன்று பெராக்சைடு தருகிறது, இன்னொன்று அடங்காத இரும்பைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தபோது ரத்தக்குழாயின் உள் உறைச் செல்கள் அதிகம் சேதமானதை அடுத்து வந்த ஆய்வுகளில் பார்த்தார்கள். நுரையீரல் செல்களிலும் பயோகெலின் இந்தச் சேதத்தைக் கூட்டியது.

டெஸ்ஃபெரால் ஊசி மருந்து உண்மையாகவே கிருமியிலிருந்து வந்ததா?

ஆமாம். ஸ்ட்ரெப்டோமைசஸ் பைலோசஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து. சுவிட்சர்லாந்தில் சிபா நிறுவனத்தாரும் ஜூரிக் தொழில்நுட்பக் கழகத்தாரும் 1960-ஐ ஒட்டி அதன் இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தபோது கிடைத்தது. இரும்போடு இருந்ததிலிருந்து இரும்பை நீக்கியதும் டெஸ்ஃபெரியாக்சமின் ஆனது. அதன் விற்பனைப் பெயர்தான் டெஸ்ஃபெரால். காலிக் கையோடு உடம்புக்குள் போய் இரும்பைப் பிடித்து வெளியே கொண்டுவரும் மருந்து.

நம் பிள்ளைகளுக்கு ஏன் தேவை என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு. நம் உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான், கூடுதலாகத் தள்ள வழியே இல்லை. மாதா மாதம் ரத்தம் ஏற்றினால் டிரான்ஸ்ஃபெரின் நிரம்பி வழிந்து, ஆளில்லாத இரும்பு இதயம், கல்லீரல், கணையம், பிட்யூட்டரி என்று தங்கும். முன்னே சொன்ன காறல் அங்கேதான் நடக்கும். ஒரு கிராம் டெஸ்ஃபெரியாக்சமின் அதிகபட்சம் 85 மில்லிகிராம் இரும்பைத்தான் பிடிக்க முடியும். சீக்கிரம் ரத்தத்திலிருந்து போயும்விடும். அதனால்தான் சின்ன பம்ப்பை வைத்து, வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி குத்தி, ராத்திரி முழுக்க 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 நாளுக்குக் குறையாமல் போட வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை ஒவ்வொரு ராத்திரியும் அதற்குச் சம்மதிக்க வைக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் எனக்கு இருக்கும் மரியாதையை எழுத்தில் சொல்ல வரவில்லை.

காலையில் சிறுநீர் சிவந்து போகிறது, பயமாக இருக்கிறதே?

இரும்பைப் பிடித்த டெஸ்ஃபெரியாக்சமினின் நிறம் அது. செம்மண் கரைத்த தண்ணீர் போல இருக்கும். மருந்து இரும்போடு வெளியே வருகிறது என்று அர்த்தம். ஆனால் ரத்தம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இரும்பைப் பிடிக்கும் மாத்திரைகளும் கிருமியிலிருந்து வந்தவையா?

இல்லை, அவை ஆய்வகத்தில் உருவாக்கியவை. ஆனால் ஆறு கைக் கணக்கு அங்கேயும் உண்டு. டெஸ்ஃபெரியாக்சமின் ஒன்றே ஆறு கையையும் பிடிக்கும். டெஃபெராசிராக்ஸ் மூன்று கை பிடிக்கும், எனவே ஓர் இரும்புக்கு இரண்டு மூலக்கூறு. டெஃபெரிப்ரோன் இரண்டு கைதான், எனவே மூன்று மூலக்கூறு. டெஃபெரிப்ரோன் உலகில் முதலில் விற்பனைக்கு வந்தது இந்தியாவில், 1995-ல், மும்பையைச் சேர்ந்த சிப்லா வழியாக. ஊசிக்கு வசதியில்லாத எத்தனையோ வீடுகளுக்கு அது வழி திறந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: டெஃபெரிப்ரோன் சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சல் வந்தால் டெஸ்ஃபெராலையும் நிறுத்தச் சொல்கிறார்களே, அது ஏன்?

மருந்தின் பிறப்பே இதற்குக் காரணம். ஒரு கிருமி செய்த பிடிப்பானை இன்னொரு கிருமி திருடிக்கொள்ளும். யெர்சினியா என்டெரோகொலிட்டிகா என்ற குடல் பாக்டீரியாவுக்கு இரும்பு சுமந்த டெஸ்ஃபெரியாக்சமினை உள்ளே இழுக்கத் தனி ஏற்பியே இருக்கிறது. நம் செல்லைக் காப்பாற்றப் போட்ட மருந்து அதற்குச் சாப்பாடு ஆகிவிடும். காய்ச்சலோடு வயிற்று வலி, பேதி என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே போங்கள், டெஸ்ஃபெரால் போடுகிற பிள்ளை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். இரவு நேரப் பணி மருத்துவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

ரைசோபஸ் பூஞ்சையும் இதே திருட்டைச் செய்யும். 2021-ல் மும்பையில் கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் பயந்தோமே, அந்த மியூகோர் நோயை உண்டாக்கும் பூஞ்சைகளில் ஒன்று அது. அப்போது பெரும்பாலும் காரணமாக இருந்தவை சர்க்கரையும் ஸ்டீராய்டும்தான். ஆனால் 1980-களிலேயே டயாலிசிஸில் இருந்துகொண்டு டெஸ்ஃபெரியாக்சமின் போட்டுக்கொண்டவர்களிடம் இந்த நோயைப் பார்த்திருக்கிறார்கள்.

கிருமி திருடும்போது நம் உடம்பு சும்மா இருக்குமா?

இருக்காது. வெள்ளை அணுக்கள் லிப்போகாலின்-2 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதன் நடுவில் ஒரு குழி, என்டெரோபாக்டின் அதில் அப்படியே போய் உட்கார்ந்துவிடும், கிருமிக்குத் திரும்பாது. சால்மொனெல்லா அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. என்டெரோபாக்டின் மேல் சர்க்கரையை ஒட்டிப் பெரிதாக்கிவிடும், குழிக்குள் நுழையாது. தாய்ப்பாலில், அதுவும் சீம்பாலில், லாக்டோஃபெரின் நிறைய இருக்கிறது. அதுவும் இரும்பைப் பிடித்து வைத்து, கிருமிக்குக் கிடைக்காமல் செய்யும் புரதம்.

இன்னொன்று என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் பெராக்சைடிலிருந்து பிளீச்சிங் திரவம் போன்ற ஒன்றைச் செய்கின்றன. இரும்பு இல்லாத என்டெரோபாக்டின் அந்த நொதியையே முடக்கும் என்று 2015-ல் காட்டினார்கள். கிருமி இரும்பையும் தேடுகிறது, போகிற வழியில் நம் ஆயுதத்தையும் மழுக்குகிறது.

காசநோய்க் கிருமிக்கும் இது உண்டா?

உண்டு. மைக்கோபாக்டின், எக்ஸோகெலின் என்ற பிடிப்பான்களை அது செய்கிறது. எக்ஸோகெலினிலிருந்து இரும்பை நீக்கி, இதயத் தசைச் செல்களோடு வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பில் கரைவதால் செல்லுக்குள் சீக்கிரம் நுழைந்து, ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறப்பதையும் செல் சேதமாவதையும் தடுத்தது. மனிதரைக் கொல்லும் கிருமியின் மூலக்கூறு இதயச் செல்லைக் காத்தது. ஆறு கைக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. இது ஆய்வகக் கதைதான், மருந்தாக வரவில்லை.

டீ, வைட்டமின் சி, முருங்கைக்கீரை?

சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் உணவின் இரும்பைப் பிடித்து உள்ளே போவதைக் குறைக்கும், தலசீமியா உள்ளவர்களுக்கு இது உதவும். வைட்டமின் சி வேறு கதை. அது ஃபெரிக்கை ஃபெரஸ் ஆக்கும், சேமிப்பிலிருந்து இரும்பைக் கிளப்பும். இரும்பு மிகுந்த இதயத்துக்கு அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை ஆபத்து. டாக்டர் டெஸ்ஃபெராலோடு சேர்த்துச் சின்ன அளவில் எழுதிக்கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன நேரத்தில் கொடுங்கள். கீரையால் வரும் இரும்பு, ஏற்றும் ரத்தத்தின் முன்னால் மிகக் கொஞ்சம். அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை, இரும்பைக் குறைக்கும் 'டிடாக்ஸ்' எடுக்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அவர்களில் பலருக்கு இரும்பு வேண்டும். கல்யாணத்துக்கு முன்போ கர்ப்பம் தெரிந்தவுடனோ செய்ய வேண்டியது ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. கணவன் மனைவி இருவரும் தலசீமியா கடத்திகளாக (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால், பிள்ளைக்குத் தலசீமியா வர ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மும்பையில் பரேல் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் ரத்தக் கோளாறுகளுக்கென்றே தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்று இருக்கிறது. எங்கே பரிசோதிப்பது என்று தெரியாதவர்கள் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலசீமியா பிரிவு எங்கே என்று கேளுங்கள்.

அந்த மருந்தைத் தந்த கிருமி இப்போது எங்கே இருக்கும்?

கேட்டது அக்கா மகன். அதன் குடும்பமான ஸ்ட்ரெப்டோமைசஸ் எங்கும் மண்ணில் இருக்கிறது, எங்கள் துளசித் தொட்டியிலும் இருக்கும். ஜூனில் முதல் மழை விழுந்ததும் மண் மணக்கிறதே, அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மினைச் செய்வது இந்தக் குடும்பம்தான். போன வருஷம் மழை வந்த அன்று ராத்திரி பம்ப் மாட்டிக்கொண்டே பால்கனிக்குப் போய் நின்று, தொட்டி மண்ணைக் கொஞ்சம் எடுத்து முகர்ந்து பார்த்தான்.